பெரிய மார்க்கெட்டுக்குப் போக மலையேறும் டயர் எதற்கு?

மாடு வாங்குகிறவர் சுழி பார்ப்பார்; பல்லைப் பிடித்துப் பார்ப்பார்; நாலடி நடக்கவிட்டுக் குளம்பையும் பார்ப்பார். கார் வாங்குகிறவர் எதைப் பார்க்கிறார்? வண்ணத்தைப் பார்க்கிறார், கூரை திறக்கிறதா என்று பார்க்கிறார், முன்னாலிருக்கும் திரையில் பாட்டு வருகிறதா என்று பார்க்கிறார். அந்த ஒன்றரை டன் இரும்பில் நிலத்தைத் தொடுகின்ற உறுப்பு ஒன்றே ஒன்றுதான். அது டயர். அதைக் குனிந்து பார்ப்பவர் நூற்றில் ஒருவர் இருந்தால் வியப்பு. அப்படிக் குனிந்து பார்க்கும் அந்த ஒருவரும் அண்மைக் காலமாக டயரின் பயனைப் பார்ப்பதில்லை, அதன் முரட்டு அழகைத்தான் பார்க்கிறார் என்பதே என் குறை.

இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவிக்கு டயரைப் பற்றி என்ன கவலை என்று நண்பர்கள் கேட்கலாம். என் தந்தைக்குப் பெரிய மார்க்கெட்டில் வெங்காயக் கடை. பள்ளிக்கூட நாள் தொட்டு அந்த அங்காடியைச் சுற்றியுள்ள நேரு வீதியிலும் ரங்கப்பிள்ளை வீதியிலும் பாரதி வீதியிலும் மகாத்மா காந்தி வீதியிலும் உருளும் சக்கரங்களை ஒதுங்கி நின்று பார்த்தே வளர்ந்தவள் நான். தள்ளுவண்டி, மூன்று சக்கர மிதிவண்டி, சரக்கு ஆட்டோ, இரு சக்கர வண்டி, விடியற்காலையில் மூட்டை இறக்கும் லாரி என்று எல்லாச் சக்கரமும் அங்கு உண்டு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புஷ்புஷ் வண்டியும் ஓடிய நகரம் இது. இன்று அந்த நெரிசலுக்குள் புதிதாக நுழைந்திருப்பது எஸ்.யூ.வி. என்ற உயரமான கார். சனி, ஞாயிறு வந்தால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரிசை வரிசையாக வருகின்றன. உள்ளூரிலும் குறைவில்லை.

அந்தக் கார்களில் பலவற்றின் டயர்களைக் கவனித்தீர்களா? கட்டை கட்டையாக, இடைவெளி விட்டு விட்டு, ஓரங்களில் பல் பல்லாக இருக்கும். "ஆல் டெரைன்" டயர் என்று பெயர். எல்லா நிலத்துக்கும் ஏற்ற டயர் என்பது பொருள். நம் முன்னோர் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்தாகப் பகுத்தார்கள். அந்த ஐந்துக்கும் பொருந்தும் டயர் என்றால் தமிழ்த்துறை நண்பர்கள் மகிழ்ந்து போவார்கள். ஆனால் நாம் நாள்தோறும் வண்டி ஓட்டுவது இந்த ஐந்திலும் அன்று. ஆறாவதாக ஒரு நிலம் வந்துவிட்டது. அதன் பெயர் தார்ச்சாலை. ஐந்து நிலத்துக்கென்று செய்த டயர் இந்த ஆறாவது நிலத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி எனக்கு ஏட்டிலிருந்து வரவில்லை. என் மாமாவிடமிருந்து வந்தது.

மாமா சொல்தா. புதுவையில் பிறந்தவர்களுக்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன், பிரெஞ்சு இராணுவத்தில் பணிபுரிந்து ஓய்வூதியம் பெறுபவரை எங்கள் ஊரில் அப்படித்தான் அழைப்பார்கள். இளமையில் சில ஆண்டுகள் ஆப்பிரிக்காவின் ஜிபூத்தியில் பாலைவனத்தில் வண்டி ஓட்டியவர். எஸ்.யூ.வி. வாங்கியதும் அவர் செய்த முதல் வேலை, கம்பெனி கொடுத்த டயர்கள் நான்கையும் கழற்றிவிட்டு, ஒரு கடையில் முரட்டு ஆல் டெரைன் டயர்களை மாட்டியதுதான். அதுவும் ஓர் அளவு பெரிதாக. வண்டி பார்க்கக் கம்பீரமாக இருந்தது என்பதை நான் மறுக்கமாட்டேன். தெருப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

சென்ற ஐப்பசியில் ஒரு மாலை. மழை பெய்து ஓய்ந்து தூறிக்கொண்டிருந்தது. அப்பாவைக் கடையிலிருந்து அழைத்துவர மாமாவும் நானும் காரில் போனோம். மார்க்கெட்டை நெருங்கும்போது மூன்று சக்கர வண்டி ஒன்று மூட்டைகளோடு குறுக்கே வந்தது. மாமா உடனே பிரேக்கை மிதித்தார். அவர் கை கால் இன்றும் இராணுவத்துக் கை கால்தான், தாமதம் இல்லை. ஆனால் வண்டி நிற்கவில்லை. வழுக்கியது என்றுகூடச் சொல்ல முடியாது. நிற்க மனமில்லாதது போல இன்னும் கொஞ்ச தூரம் போய், மூன்று சக்கர வண்டியின் பின் சக்கரத்தில் முட்டி நின்றது. உருளைக்கிழங்கு மூட்டை ஒன்று அவிழ்ந்து தெருவெல்லாம் உருண்டது. வண்டிக்காரப் பெரியவர் குதித்து இறங்கிவிட்டதால் முழங்கையில் சிராய்ப்போடு தப்பினார். மாமா இறங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். மருத்துவச் செலவும் சக்கரத்துக்கான பணமும் கொடுத்தார். கிழங்கு பொறுக்கிக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

டயர்தான் குற்றவாளி என்று நான் அன்றே தீர்ப்பு எழுதிவிடவில்லை. வேகம் சற்றே கூடுதல். சாலையில் எண்ணெய்ப் பசை. மீன் அங்காடித் தண்ணீரும் காய்கறிச் சருகும் கலந்த தரை. எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. எனினும் இயற்பியல் படிப்பவளுக்கு உறக்கம் வரவில்லை. தாளும் பென்சிலும் எடுத்தேன்.

வண்டி நிற்பது பிரேக்கால் என்று நினைக்கிறோம். பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்துகிறது. வண்டியை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள உராய்வு. ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய நம் உள்ளங்கை அகலம்தான். நான்கு உள்ளங்கைகளில் ஒரு கார் நிற்கிறது, திரும்புகிறது, ஓடுகிறது. ஆல் டெரைன் டயரில் அந்த உள்ளங்கையிலும் ஒரு பகுதி வெற்றிடம். சேறும் கல்லும் வெளியேறுவதற்காக விட்ட இடைவெளி அது. கட்டைகள் உயரமானவை, ஆகவே பிரேக் பிடிக்கும்போது அவை நெளிகின்றன. கூர்ங்கற்களில் கிழிந்துவிடாமல் இருக்க அவற்றின் ரப்பரைப் பெரும்பாலும் கடினமாகச் செய்கிறார்கள். ஈரத் தாரைப் பற்றிக்கொள்வதற்கோ இளகிய ரப்பரும் மெல்லிய கீற்றுக் கீற்றான வெட்டுகளும் வேண்டும். கடினமான கட்டை ஈரத் தாரில் என்ன செய்யும்? பாசி படிந்த குளத்துப் படிக்கட்டில் மரச்செருப்புப் போட்டு இறங்கிப் பாருங்கள், தெரியும்.

கணக்கைச் சொல்கிறேன். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு கார்கள் அருகருகே வருவதாக வைத்துக்கொள்வோம். ஒன்றின் டயருக்கு ஈரச் சாலையில் உராய்வுக் கெழு 0.7, மற்றதற்கு 0.55. எந்தக் கம்பெனியின் டயரையும் அளந்து பெற்ற எண்கள் அல்ல இவை, விளங்கிக்கொள்வதற்காக நான் எடுத்துக்கொண்டவை. முதல் கார் பிரேக் பிடித்த இடத்திலிருந்து ஏறக்குறைய 14 மீட்டரில் நின்றுவிடும். இரண்டாவது கார் நிற்க ஏறக்குறைய 18 மீட்டர் ஆகும். நான்கு மீட்டர்தானே என்கிறீர்களா? முதல் கார் முழுவதுமாக நின்றுவிட்ட அதே கோட்டை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் வேகம் என்ன என்று பாருங்கள். மணிக்கு 23 கிலோமீட்டர்! ஒருவர் மிதிவண்டியை மூச்சு வாங்க மிதிக்கும் வேகத்தில், ஒன்றரை டன் எடை வந்து மோதுகிறது. அந்த நான்கு மீட்டருக்குள் பெரிய மார்க்கெட் வாசலில் யார் யார் இருப்பார்கள்? கூடை தலையில் சுமந்த அம்மா இருப்பார். பூ விற்கும் ஆயா இருப்பார். வாழையிலைக் கட்டு தூக்கிய பையன் இருப்பான். முரட்டு டயரின் அழகுக்கு விலை கொடுப்பவர் காரின் உரிமையாளர் அல்லர், இவர்கள்தாம்.

மறுவாரம் இந்தத் தாளை மாமாவிடம் காட்டினேன்.

"பாப்பா, நான் மணல்லயே ஓட்டினவன். எனக்கு நீ டயர் பாடம் எடுக்கிறியா?" என்றார்.

"மாமா, மணல்ல வண்டி புதைஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"காத்தை இறக்குவோம். டயர் பரந்து படுத்துக்கும். வண்டி மிதந்த மாதிரி வந்துடும். திரும்ப ரோட்டுக்கு ஏறினதும் காத்து அடிச்சுக்குவோம்."

"அப்போ மணல்ல காப்பாத்தினது கட்டையா, காத்தா?"

மாமா சிரித்தார், பதில் சொல்லவில்லை. ஆழமான கட்டைகள் சேற்றில் உதவும், கல்லில் உதவும். காய்ந்த மணலிலோ அவை தோண்டித் தோண்டி வண்டியை இறக்கிவிடவும் கூடும். பாலைவனம் கண்டவருக்கு இது தெரியாததன்று. தெரிந்தும் முரட்டு டயர் வாங்கினார் என்றால், வாங்கியது டயரை அன்று, தம் இளமையை. அதற்காக நான் அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் இளமையை நினைவுகூர வேறு வழிகள் இருக்கின்றன.

நம் உழவர்களைப் பாருங்கள். பாகூர்ப் பக்கம் நடவு நாளில் சேற்றுழவுக்கு டிராக்டரில் கேஜ் வீல் என்ற இரும்புச் சக்கரத்தை மாட்டுவார்கள். சேற்றில் அதற்கு இணை இல்லை. ஆனால் அதே சக்கரத்தோடு தார்ச்சாலையில் ஏறினால் சாலை பெயர்ந்துவிடும். ஆகவே கழற்றிவிட்டுத்தான் ஏறவேண்டும் என்று அதிகாரிகள் ஒவ்வொரு பருவத்திலும் எச்சரிக்கிறார்கள். பொறுப்புள்ள உழவர் கழற்றுகிறார். டிராக்டரின் பெரிய பின் டயர்கூட வயலில் பல்லாண்டு உழைக்கும். தார்ச்சாலையிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் அதன் கட்டை விரைவில் தேய்ந்துவிடும் என்பது உழவருக்குப் பாலபாடம். பழைய கட்டை வண்டிகளின் கதையும் இதுதான். இரும்புப் பட்டை போட்ட மரச்சக்கரம் மண் தடத்துக்குப் பொருந்தியது. ஊருக்கு ஊர் தார் போட்டபின் டயர் வண்டி வந்தது. மாட்டுக்கும் சுமை குறைந்தது, சாலையும் பிழைத்தது. நிலம் மாறியதும் சக்கரத்தை மாற்றத் தெரிந்த சமுதாயம் நம்முடையது. அந்தச் சமுதாயத்தின் பேரப்பிள்ளைகள் இன்று தார்ச்சாலையில் கேஜ் வீல் மனப்பான்மையோடு வலம் வருவது ஏன்?

விளம்பரம் ஒரு காரணம். படங்களில் அந்தக் கார் ஆற்றைக் கடக்கிறது, பாறையில் ஏறுகிறது, புழுதி கிளப்புகிறது. பெரிய மார்க்கெட்டில் கருவேப்பிலை வாங்கப் போகும் எஸ்.யூ.வி.யை எந்த விளம்பரத்திலாவது கண்டதுண்டா? ஆனால் அதுதானே உண்மை! இந்த டயர்களில் சிலவற்றின் பக்கவாட்டில் ஓர் அடையாளம் இருக்கும். மூன்று முகடுள்ள மலை, அதனுள் ஒரு பனிச்சீவல். கடும்பனியில் ஓடச் சோதித்துத் தேர்ந்த டயர் என்று பொருள். வங்கக் கடலோரம் மார்கழியிலும் வியர்க்கும் ஊரில் அந்தப் பனிமலையைச் சுமந்துகொண்டு நான்கு சக்கரங்கள் சுழல்வதைக் கண்டு நான் ஒருநாள் வாய்விட்டே சிரித்துவிட்டேன்.

எதிர்த்தரப்பாரின் வாதங்களையும் கேட்க வேண்டும். கேட்காமல் எழுதுவது கருத்துரையாகாது.

"புதுவை மழையை நீ அறியாயா?" என்பது முதல் வாதம். அறிவேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் இங்கே 45 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. தெருக்களில் படகு விட்டு இராணுவத்தினர் மக்களை மீட்டார்கள். அந்த வெள்ளத்தில் முரட்டு டயர் காப்பாற்றுமா? இடுப்பளவு நீரில் காரை நிறுத்துவது டயரன்று. எஞ்சின் மூச்சு விடும் குழாயில் புகும் தண்ணீர். ஓடும் வெள்ளமோ காரையே தூக்கிவிடும்; டயரில் எத்தனை கட்டை இருந்தால் என்ன? ஆனால் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். சாலையில் தண்ணீர் தேங்கி நிற்கையில் வேகமாகப் போனால் டயர் தரையை விட்டு நீரின்மேல் மிதக்கும். ஸ்டியரிங் கைக்குள் இல்லாததுபோல் இருக்கும். ஆழமான இடைவெளிகள் உள்ள ஆல் டெரைன் டயர் அந்த நீரை நன்றாகவே ஒதுக்கும். ஆனால் புதிய சாதாரண நெடுஞ்சாலை டயரில் இருக்கும் நீண்ட பள்ளங்களும் இந்த வேலைக்காகவே வெட்டப்பட்டவை. இங்கே நம்மைக் கொல்வது டயரின் இனம் அன்று, தேய்மானம். மொட்டை டயரோடு மழையில் போகிறவருக்கு எந்த இனமும் உதவாது. நம் நாட்டுச் சட்டப்படி காரின் டயரில் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அந்த அளவைக் காட்டப் பள்ளத்துக்குள்ளேயே சிறு மேடுகள் வைத்திருக்கிறார்கள். மேடும் கட்டையும் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. ஐப்பசி பிறக்குமுன் குனிந்து அதை ஒருமுறை பார்த்தால் போதும்.

இரண்டாவது வாதம் குண்டு குழி. இது வலுவான வாதம். நம் சாலைகளில் தார் என்ற பெயரில் பள்ளம் இருப்பதையும், ஒரு துறை போட்ட சாலையை மறுமாதமே வேறொரு துறை தோண்டுவதையும் நான் மறுக்கவா முடியும்? பக்கச் சுவர் தடித்த டயர் பள்ளத்தில் கிழியாது என்பார்கள். பெரும்பாலும் மெய்தான். ஆனால் பள்ளத்தில் டயர் வெடிப்பதற்கு முதற்காரணம் காற்றுக் குறைவு. அடுத்தது, பெரிய ரிம் போட்டுப் பக்கச் சுவரைப் பட்டையாக்கிக்கொள்ளும் நாகரிகம். கம்பெனி சொன்ன அளவில், சுமைக்குரிய குறியெண் குறையாமல், நல்ல நெடுஞ்சாலை டயர் வாங்கி, மாதம் இருமுறை காலைக் குளிர்ச்சியில் காற்றுப் பார்த்தால் நேரு வீதிப் பள்ளங்களையும் விழுப்புரம் சாலைப் பள்ளங்களையும் தாங்கும்.

மூன்றாவதாக, ஆரோவில் செம்மண் சாலையைக் காட்டுகிறார்கள். அங்கே போய்ப் பாருங்கள். மிதிவண்டியிலும் மொபெட்டிலும் ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் ஆண்டு முழுவதும் போய் வருகிறார்கள். மழை நாளில் சேறாகும் சில இடங்களில் மெல்லப் போகவேண்டும், அவ்வளவுதான். சென்னைக்குப் போகும் 150 கிலோமீட்டர் கிழக்குக் கடற்கரைச் சாலை முழுவதும் தார். ஆண்டுக்கு ஒருமுறை சேற்றில் அரை மணி நேரம் சிக்கிக்கொள்ளக்கூடும் என்பதற்காக, மிச்சமுள்ள நாளெல்லாம் இரைச்சலையும் கூடுதல் பெட்ரோல் செலவையும் நீண்ட பிரேக் தூரத்தையும் சுமப்பது என்ன கணக்கு? கனமான டயர் உருள்வதற்குக் கூடுதல் ஆற்றல் வேண்டும். அது பெட்ரோல் பங்க்கில்தான் தெரியும். இரைச்சலோ உள்ளே உட்கார்ந்தால் தெரியும். மாமாவின் காரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டு ரீங்காரம் போன்ற ஓர் ஒலி; கேட்டால், "அது வீரத்தின் ஒலி" என்பார் அவர்.

டயரின் வரலாறே வழுவழுப்பான பயணத்தைத் தேடிய வரலாறுதான். 1888-இல் பெல்ஃபாஸ்டில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், மகனின் மூன்று சக்கர வண்டி கல் பாவிய தெருவில் குலுங்குவதைப் பார்த்துக் காற்றடைத்த டயரைச் செய்தார். 1895-இல் பிரான்சு நாட்டில் மிஷ்லேன் சகோதரர்கள் பாரிசு, போர்தோ பந்தயத்தில் காற்று டயரோடு ஒரு காரை ஓட்டிக் காட்டினார்கள்; வழியெல்லாம் பஞ்சர், பரிசு இல்லை, ஆனால் காரும் காற்று டயரில் ஓடும் என்று உலகம் கண்டுகொண்டது. அதே நிறுவனம் 1946-இல் ரேடியல் டயருக்குக் காப்புரிமை பெற்றது. இன்று நம் கார்களில் இருப்பது அதன் வழிவந்ததே. முரட்டுக் கட்டை டயர் வேறு தேவையில் பிறந்தது. வயலுக்கும் போர்க்களத்துக்கும் செய்யப்பட்டது, ஜீப்போடு ஊருக்குள் வந்தது.

இன்னொன்றும் என் மனத்தில் உண்டு. ரப்பர் நமக்கு அயற்பொருளன்று. மலாயாத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்த கைகள் பெரும்பாலும் தமிழ்க் கைகள். கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்றும் சீவிக்கொண்டிருக்கிறார்கள். சொட்டுச் சொட்டாகச் சேர்ந்த அந்தப் பாலைத் தேவைக்கு மேல் கட்டை கட்டையாக ஒட்டிக்கொண்டு தாரில் உரசித் தூளாக்குவதை நினைத்தால் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. இதை வாதமாகச் சொல்லவில்லை. மனத்தில் பட்டதைச் சொன்னேன்.

அப்படியானால் ஆல் டெரைன் டயரே கூடாதா? யார் சொன்னது? வால்பாறைத் தேயிலைத் தோட்டத்துக்குள் நாள்தோறும் போய்வருகிறவர் வாங்கட்டும். கல்வராயன் மலை ஊர்களுக்கு மருந்து கொண்டு போகும் வண்டிக்கு வேண்டும். கல் குவாரி, காட்டு அலுவல், ஆற்றோரத் தோப்பு என்று பிழைப்பே மண் தடத்தில் உள்ளவருக்கு அது ஆடம்பரம் அன்று, தேவை. பாதிக்குப் பாதி என்பவருக்கும் இடைவழி உண்டு: கட்டைகள் நெருக்கமாகவும் கீற்று வெட்டுகள் நிறைந்தும் தார்ச்சாலையை மனத்தில் கொண்டு செய்த மென்மையான ஆல் டெரைன் வகைகள் வருகின்றன. அவற்றுள் நல்லவை ஈரத்தில் சாதாரண டயருக்கு நெருக்கமாகவே நிற்கின்றன என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிட வேண்டும். ஆகவே முதலில் கேட்கவேண்டிய கேள்வி டயரைப் பற்றியதன்று. சென்ற மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினேன், அதில் எத்தனை கிலோமீட்டர் தார் இல்லாத இடம் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மாமாவிடம் எழுதச் சொன்னேன். ஆயிரத்துச் சொச்சத்தில் நான்கு வந்தது. அந்த நான்கும் சுண்ணாம்பாற்றுப் பக்கம் நண்பர் தோப்புக்குப் போனது.

கடைக்குப் போனால் பக்கச் சுவரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 215/65 ஆர் 16 என்றிருந்தால், 215 மில்லிமீட்டர் அகலம், அதில் நூற்றுக்கு 65 பங்கு பக்கச் சுவரின் உயரம், ரேடியல் வகை, 16 அங்குல ரிம் என்று பொருள். அதையடுத்த எண் சுமையையும் எழுத்து வேகத்தையும் குறிக்கும். சிறு வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. தள்ளுபடி விலையில் பழைய சரக்கைத் தலையில் கட்டுகிறார்களா என்று அறிய அதைவிட நல்ல வழியில்லை. ஈரத்தில் பிடிப்பு எப்படி என்று கேளுங்கள். கேட்க நமக்கு உரிமை உண்டு. உருளும் தடை, ஈரப் பிடிப்பு, இரைச்சல் ஆகிய மூன்றிலும் டயருக்குக் குறைந்தபட்சத் தகுதி வேண்டுமென்று நடுவண் அரசு 2022-இல் விதி வெளியிட்டது. ஐரோப்பாவில் ஈரப் பிடிப்பை ஏ முதல் ஈ வரை எழுத்திட்டு டயரிலேயே சீட்டு ஒட்டுகிறார்கள். அளவைப் பெரிதாக்காதீர்கள். சக்கரம் பெருத்தால் வேகமானி குறைத்துக் காட்டும். 50 என்று முள் சொல்லும்போது வண்டி அதற்கு மேல் போய்க்கொண்டிருக்கும். மாமாவின் வேகம் அன்று "சற்றே கூடுதல்" என்றேனே, அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

விலை கொடுப்பவர் அவர், அவர் விருப்பம் என்று முடித்துவிடலாம். சட்டையைப் பற்றி, கைக்கடிகாரத்தைப் பற்றி அப்படிச் சொன்னால் நானும் வாய் திறக்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மகாத்மா காந்தி வீதியில் தரையில் துணி விரித்துக் கடை போடுகிறவர்களுக்கும் மாமாவின் டயருக்கும் இடையே நான்கு மீட்டர்தான் இருக்கிறது. அந்த நான்கு மீட்டர் மாமாவின் சொந்தச் சொத்தன்று.

மாமா இன்னும் டயரை மாற்றவில்லை. புதிதாக வாங்கியதைக் கழற்ற மனம் வரவில்லையாம். கல்வராயன் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் பழைய நண்பர் ஒருவர் பாதி விலைக்குக் கேட்டிருக்கிறார். பொங்கலுக்குள் முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை மார்க்கெட் பக்கம் காரை எடுப்பதில்லை. அப்பாவை அழைத்துவர என் ஸ்கூட்டரைக் கேட்கிறார். நேற்றுச் சாவியைக் கொடுக்கும்போது அதன் டயரையும் ஒருமுறை குனிந்து பார்த்தேன். பின் சக்கரம் மொட்டை. அடுத்த வாரம் மாற்ற வேண்டும்.